பத்து நாளில் மறைகிற காயம்

எங்கள் ஊர் விருத்தாசலத்து போட்டோகிராபர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவரப் போகிறார்களாம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் முகத்துக்கு டச்சிங் செய்தது எப்படி, தோல் தோலாகவே தெரிய, பருவை மட்டும் எடுத்தது எப்படி என்று நான் எழுதித் தர வேண்டுமாம். பாலக்கரைப் பக்கம் கடை வைத்திருக்கிற ஒரு தம்பி வீட்டுக்கு வந்து கேட்டார். "ஜாலியா எழுதுங்கக்கா, பழைய கதைன்னா எல்லாரும் படிப்பாங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். அதற்கு அடுத்த வாரம் ஒன்று நடந்தது. இப்போது பேனாவை எடுத்தால் கோபம்தான் வருகிறது. போடுவதென்றால் இப்படியே போடட்டும். இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் கோலப்பொடி விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

நடந்தது இதுதான். எங்கள் எதிர்வீட்டு மாடியில் நிவேதா என்றொரு பெண் குடியிருக்கிறாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. ஒரு நாள் காலையில் துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வந்து நின்றாள். புருஷன் அடித்திருக்கிறான். கண்ணுக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. அத்தாட்சிக்கு இருக்கட்டும் என்று செல்போனில் தானே நாலைந்து படம் எடுத்து ஊரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறாள். அண்ணன் போன் போட்டு, "எங்க அடிச்சான்? மூஞ்சி நல்லாதானே இருக்குது? எதுக்கெடுத்தாலும் பெருசு பண்ணாத" என்று சொல்லியிருக்கிறான்.

போனை வாங்கிப் பார்த்தேன். அண்ணனைக் குற்றம் சொல்ல முடியவில்லை. படத்தில் இருந்தவளுக்குக் காயமே இல்லை. கன்னம் வழவழவென்று, கண்ணுக்குக் கீழே சந்தனம் பூசியதுபோல இருந்தது. மூக்கோரத்தில் அவளுக்கு இருக்கிற மச்சத்தைக்கூடக் காணோம். முகத்தை அழகாக்கும் வசதி ஒன்று போனில் இருக்கிறதாம். வாங்கின நாளிலிருந்தே அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, அதுவாகவே துடைத்துக் கொடுத்துவிட்டது.

"ஆன்ட்டி, நீங்க போட்டோ வேலை பாத்தவங்கதானே? இதுல காயத்தைத் திரும்பக் கொண்டாந்துட முடியுமா?" என்று கேட்டாள்.

இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், இதே ஊரில் இன்னொரு பெண் என்னிடம் கேட்டிருக்கிறாள். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

நான் ஜெயசீலி. கடைத்தெரு ஸ்டுடியோ ஒன்றில் டச்சிங் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஓய்வு பெற்றபோது பேரன் இருந்தான். நடுவில் கறுப்பு வெள்ளை போய் கலர் வந்தது, கலர் போய் கம்ப்யூட்டர் வந்தது. பென்சில் போய்விட்டதே என்று நான் ஒரு நாளும் அழுததில்லை. கழுத்து வலி குறைந்ததே என்று சந்தோஷப்பட்டேன். ஆகவே என் கோபம் மிஷின்மேல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாளி பெயர் கோவிந்தராஜ். நாங்கள் சார் என்போம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டைக்கு உள்ளே மடித்து வைத்த கைக்குட்டை. படம் எடுக்க வந்தவர்கள் யாராக இருந்தாலும் முகவாயைத் திருப்புவதற்கு முன்னால் "தொடலாமுங்களா?" என்று கேட்பார். ஒரே ஒரு விரலால் திருப்புவார். அலமாரியில் சீப்பு, கண்ணாடி, பவுடர் டப்பா மூன்றும் வரிசையாக இருக்கும். படம் எடுக்க வருகிற பெண்களிடம் பவுடர் டப்பாவை அவரே எடுத்து நீட்டுவார். அதில் ஒரு மரியாதை இருந்தது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

வேலையை அவரிடம்தான் கற்றேன். டச்சிங் மேசை என்பது சாய்வான ஒரு பலகை. நடுவில் ஒரு துவாரம், அதில் தேய்த்த கண்ணாடி, அடியில் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. துவாரத்தின்மேல் நெகட்டிவை வைத்துக் குனிய வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கறுத்த இடம் அங்கே தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவான இடத்தில் பென்சிலால் பூசினால் பிரிண்டில் அது வெளுத்துவிடும். வெறும் நெகட்டிவில் பென்சில் பிடிக்காது. பஞ்சில் ஒரு பசைத் திரவத்தைத் தொட்டு முதலில் தேய்த்துவிட வேண்டும். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்க வேண்டும். அழுத்தக் கூடாது. தோல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகச் சின்னச் சின்னக் கொக்கிகள். கன்னத்தில் வளைவு, நெற்றியில் கிடை, மூக்கில் மேலிருந்து கீழ். பூசினது தெரிந்தால் வேலை தெரியவில்லை என்று அர்த்தம்.

பென்சிலால் ஆகாததைக் கத்தியால் செய்வோம். முகத்தில் பளிச்சென்று மின்னுகிற இடத்தை மட்டுப்படுத்த வேண்டுமானால் நெகட்டிவின் மேல் படலத்தைக் கத்தி முனையால் சுரண்டுவது. பென்சிலைத் துடைத்துவிடலாம். சுரண்டினால் சுரண்டினதுதான்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு சார் ஒரே ஒரு வழி சொல்லித் தந்தார். "பத்து நாள்ல போறது எதுவோ அதை எடு. சாவுற வரைக்கும் கூட வர்றதை வுடு." பரு, கொசுக்கடி, தூக்கமில்லாத கருவளையம் இவை போகலாம். மச்சம், அம்மைத் தழும்பு, சிரித்துச் சிரித்து விழுந்த கோடு இவை நிற்க வேண்டும். வேண்டுமானால் கொஞ்சம் மென்மையாக்கலாம். இன்றைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பையனுக்குப் பெண் பார்க்கப் படம் எடுக்க வந்த ஒரு அம்மா, அவன் முகத்து அம்மைத் தழும்பு மொத்தத்தையும் எடுத்துப் பீங்கான் பொம்மை மாதிரி பளபளவென்று தரச் சொன்னார். சார் சிரித்துக்கொண்டே, "பொம்மை வேணும்னா தொழிற்பேட்டைக்குப் போங்கம்மா, நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்? பொண்ணு வூட்டுக்காரங்க நேர்ல பாக்கறப்ப திடுக்குனு ஆவக் கூடாது பாருங்க" என்றார். அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. முடித்த நெகட்டிவைத் தலைகீழாகத் திருப்பித்தான் சரிபார்ப்பார். "நேரா பாத்தா ஆளு தெரியும். தலைகீழா பாத்தா வேலை மட்டும்தான் தெரியும்" என்பார். அதை நான் பெரிய வித்தை என்று நினைத்தேன். அதில் இருந்த விஷம் பிறகுதான் புரிந்தது.

தனலட்சுமி வந்தது கறுப்பு வெள்ளைக் காலத்தின் கடைசியில். கம்மாபுரம் பக்கத்துப் பெண், விருத்தாசலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கொட்டகையில் வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈர பொம்மையின் முகத்தில் அச்சு சேர்கிற இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். அதை ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்கிச் சூளைக்கு அனுப்புவது அவள் வேலை. அவளுடைய அண்ணன் முருகையன் மொபெட்டில் பின்னால் உட்கார்த்தி அழைத்துவந்தார். முந்தானையை விலக்கினாள். இடது கண் பாதி மூடியிருந்தது. கன்னம் முழுக்கக் கறுத்திருந்தது. உதடு ஒரு பக்கம் வீங்கி மின்னியது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸாகிவிடும் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். அறுவடை முடிந்ததும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. புருஷன் வீட்டார் அதற்குள்ளாகவே, அவன் கை நீட்டினதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். "பஞ்சாயத்து கூடறதுக்குள்ள இதெல்லாம் ஆறிப்புடும். அப்புறம் ஒண்ணுமே இல்லையேன்னு சொல்லி இவளைத் திரும்ப அங்கயே அனுப்பிடுவாங்க. அதுக்குத்தாங்க படம்" என்றார் முருகையன்.

சார் வழக்கம்போலப் பவுடர் டப்பாவை நீட்டினார். அந்தப் பெண்ணும் வழக்கம்போல வாங்கிக்கொண்டாள். பஞ்சைக் கன்னத்தில் வைத்ததும் "ஸ்" என்று இழுத்துக்கொண்டாள். நான் எழுந்துபோய் டப்பாவைப் பிடுங்கினேன். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சார் படம் எடுத்து முடித்து அவர்கள் போன பிறகு, "சார், இது பஞ்சாயத்துல காட்டற படம். இதுல கை வெக்கக் கூடாது" என்றேன்.

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார்.

நான் நம்பினேன். சேத்தியாத்தோப்பில் சித்தி வீட்டில் விசேஷம் என்று லீவு போட்டுப் போனேன். திரும்பி வந்தபோது முருகையன் பிரிண்டை வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். உறையை ஒட்டிக் கொடுத்திருக்கிறார் சார். முருகையனும் தங்கையின் அந்த முகத்தைப் பார்க்க மனசில்லாமல் பிரிக்காமலே வைத்திருக்கிறார்.

பஞ்சாயத்துக்கு முதல் நாள்தான் புருஷன் வீட்டுக்கு நெருங்கிய பெரியவர் ஒருவரிடம் அந்த உறையைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு என்ன குறை? கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குது" என்றாராம். அந்தப் படத்தை அவரே வைத்துக்கொண்டார். முருகையன் தங்கையை இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடிவந்தார். கண் சிவந்திருந்தது. தனத்தின் முகத்தில் அதற்குள் எல்லாம் ஆறிப்போயிருந்தது. லேசாக ஒரு மஞ்சள் படர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று முருகையன் மேசையைத் தட்டினார்.

சாருக்கு முகம் மாறவில்லை. "உக்காருங்க" என்றார். "பத்து நாள்ல போற காயம்தானுங்க. காலத்துக்கும் நிக்கிற படத்துல அது எதுக்கு? நாளைக்கே ரெண்டு பேரும் சமாதானமா போயிட்டா, அந்தப் படம் வூட்டுல இருக்கலாமா? ஒரு பொம்பளைப் புள்ளைய அப்படி ஒரு மூஞ்சியோட நாலு பேர் கையில குடுக்க எனக்கு மனசு வரலைங்க."

யாரும் அவருக்குக் காசு கொடுக்கவில்லை, யாரும் அவரை மிரட்டவில்லை. அவர் நல்லது செய்ததாகவே நினைத்தார். அதனால்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு நாள் திட்டி மறந்திருப்பேன்.

தனம் அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம் வந்தாள். "அக்கா, இதுல காயத்தைத் திரும்பக் கொண்டாந்துட முடியுமா?" என்றாள்.

நெகட்டிவை எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். பென்சிலாக இருந்தால் சாய்வில் ஈயம் மின்னும். கத்தியாக இருந்தால் மின்னாமல் பள்ளமாகத் தெரியும். கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் ஈயம் மின்னியது. அப்பாடா என்றிருந்தது. உதட்டில் மின்னவில்லை. வீங்கிப் பளபளத்த இடத்தைச் சுரண்டியிருந்தார்.

பஞ்சை டர்பன்டைனில் தொட்டு ஓரத்திலிருந்து துடைக்கத் தொடங்கினேன். எல்லோருக்கும் எதிரில், பட்டப்பகலில், அவருடைய கடையில், அவருடைய மேசையில் உட்கார்ந்துதான் துடைத்தேன். பஞ்சு சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தது. பூச்சு போகப் போக அந்தக் கன்னம் மறுபடியும் தெளிந்தது. நெகட்டிவில் தெளிவு என்றால் காயம். சார் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நான் இதுவரைக்கும் செஞ்சதுலயே நல்ல வேலைம்மா அது" என்றார் மெதுவாக. "அதைப் போய்த் துடைக்கிறியே."

உண்மைதான். அவ்வளவு நுணுக்கமான வேலையை நான் பார்த்ததில்லை. வீங்கிய தோலில்கூட ஒரு மயிர்க்கால் மறையாமல், இயற்கையாக இருக்கும்படி செய்திருந்தார். அந்த நெகட்டிவையும் அவர் தலைகீழாகத்தான் பார்த்திருப்பார். "சார், அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?" என்றேன். டார்க் ரூமுக்குப் போய்ப் புதுப் பிரிண்ட் போட்டேன். தட்டில் மருந்துக்கடியில் அந்தக் கறுத்த கன்னம் மெல்ல எழுந்து வந்தபோது நான் அழுதேன். உதட்டு வீக்கம் மட்டும் வரவில்லை.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் பஞ்சாயத்து. முருகையன் கூப்பிட்டார் என்று நானும் போனேன். முருகையன் புதுப் பிரிண்டை நடுவில் வைத்தார். அவர் பயந்தபடியே ஆனது. புருஷன் வீட்டார் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். முதல் படம்தான் உண்மை, இரண்டாவதில் ஸ்டுடியோவில் மை தடவியிருக்கிறார்கள் என்றார்கள். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கோவிந்தராஜ கூப்புடுங்க, அவரு சொல்லட்டும்" என்றார்கள். ஆள் அனுப்பி அழைத்துவந்தார்கள்.

சார் இரண்டு படத்தையும் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். முதல் படத்தில் தான் கை வைத்ததாக அவர் சொன்னால் அவளுக்கு வாழ்க்கை.

"ரெண்டுமே எங்க கடைப் படம்தாங்க" என்றார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் சலசலப்பு. சரி, பெண்ணைக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஒருவர் எழுந்தே விட்டார். அப்போது தனம் பெண்கள் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். சார் கையிலிருந்து இரண்டு படத்தையும் வாங்கினாள். எழுந்தவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"மாமா, நான் தினமும் பொம்மை மூஞ்சியத் துடைக்கிறவ. துடைச்ச மூஞ்சி எது, துடைக்காத மூஞ்சி எதுன்னு எனக்குத் தெரியும். இது பொம்மை. இதுதான் நான்" என்று அந்தக் கறுத்த முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கன்னத்துலதான் ரெண்டு போட்டேன். கண்ணுல எங்கடி போட்டேன்? கண்ணுல நான் போடவே இல்ல" என்று கத்தினான்.

அவனுடைய அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஆனால் வார்த்தை வந்துவிட்டது. எழுந்து நின்ற பெரியவர் திரும்பவும் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் கல்யாணத்தைத் தீர்த்து அவளை அனுப்பினார்கள். அண்ணன் வீட்டுக்குப் போனாள், பஸ்ஸில் வந்து அதே கொட்டகையில் வேலை பார்த்தாள். சாகும்வரை தெம்பாக இருந்தாள் என்று கேள்வி.

சார் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த மண்டபத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. நானும் அங்கேயே வேலை பார்த்தேன், வேறு வழியில்லை. ஆனால் எந்த முகம் என் மேசைக்கு வந்தாலும், எதை எடுக்க, எதை விட என்று அந்த ஆளையே கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அப்படித்தான். பத்து நாள் கணக்கு பருவுக்குச் சரி. அடி விழுந்த முகத்துக்கு அந்தக் கணக்கைப் போட நமக்கு யார் உரிமை கொடுத்தது?

இளைய ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான். தோலை இயற்கையாகக் காட்டுவது எப்படி என்று கேட்கிறீர்கள். எத்தனை புள்ளியை எடுத்தீர்கள், எத்தனையை விட்டீர்கள் என்பதில் இல்லை அது. யாருடைய முகம் என்று மறந்துவிட்டால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பொய்தான். கோவிந்தராஜ் சார் செய்ததை இப்போது உள்ளங்கையில் இருக்கிற ஒரு பெட்டி செய்கிறது. அவரிடமாவது சண்டை போட முடிந்தது. அவருடைய பென்சிலைத் துடைத்தால் அடியில் அந்தப் பெண் இருந்தாள்.

நிவேதாவின் போனில் அடியில் யாரும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். தொடாத படம் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. படம் போனுக்குள் வருகிற வழியிலேயே காயம் அழிந்துவிட்டிருந்தது. நல்ல வேளை, அவள் முகத்தில் அது இன்னும் இருந்தது. ஓய்வு பெற்றபோது கடையில் கொடுத்த கேமராவை பீரோவிலிருந்து எடுத்தேன். அவளை வாசல் பக்கம் நிறுத்தி, வெயில் பக்கவாட்டில் விழும்படி திருப்பினேன். வீக்கம் நன்றாகத் தெரிகிற வெளிச்சம் அது. அந்த வெளிச்சத்தில் மட்டும் பெண்களை எடுக்கவே கூடாது என்பார் சார்.

கேமராவைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினேன். நிவேதா தலைமுடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். பிறகு, "சிரிக்கணுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"வேணாம்மா" என்றேன். "எப்படி இருக்கியோ அப்படியே இரு."